கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்: பணம் கட்டும் முன் அங்கீகாரத்தைப் பார்ப்பது எப்படி

மைக்ரோபயாலஜி வகுப்பு தொடங்கி ஐந்தாவது வாரம். நம்மூர்ப் பெண்கள் இருக்கும் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "நம்ம காலேஜுக்கு அக்ரெடிட்டேஷன், அதான் அங்கீகாரம், போகப் போகுதாம். இதுவரைக்கும் படிச்ச கிரெடிட் எதுவும் செல்லாதாம்." அன்று இரவே வகுப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். 4 யூனிட் பாடம் (பாடத்தின் அளவும் கட்டணமும் இங்கே யூனிட் கணக்கில்தான்). நான் அப்போது நான்-ரெசிடென்ட், அதாவது மாநிலத்தில் வசிக்காதவருக்கான கட்டணத்தில் இருந்ததால் 1,200 டாலருக்கு மேல் கட்டியிருந்தேன். ஒரு காசு திரும்பி வரவில்லை. ட்ரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியல்) 'டபிள்யூ', அதாவது பாதியில் விலகியவர், என்ற எழுத்து மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மூன்று மாதம் கழித்துத்தான், அங்கீகாரம் தரும் அமைப்பிடமிருந்து அந்தக் கல்லூரிக்கு வந்திருந்த கடிதத்தை முழுசாக வாசித்தேன். அங்கீகாரம் போகவே இல்லை. என் பக்கத்து மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்திருந்த பெண் அதே வகுப்பை முடித்து, கிரெடிட் வாங்கி, அடுத்த படிப்புக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டாள்.

எச்-4 விசாவில் (துணைவரின் வேலை விசாவைச் சார்ந்தது) வந்து "சும்மா இருக்கறதுக்கு ஏதாவது படிக்கலாமே" என்று கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) பக்கம் போகிறவர்களுக்கும், பிளஸ் டூ முடித்த பிள்ளையை இரண்டு வருடம் இங்கே படிக்கவைத்து யூசிக்கு (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) மாற்றலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கலிபோர்னியாவுக்கு மட்டும் பொருந்தும். வேறு மாநிலம் என்றால் அமைப்புகளின் பெயரும் கட்டணமும் மாறும்.

1. அது கல்லூரியா, வளாகமா, மாவட்டமா?

இங்கே மாவட்டம், அதாவது டிஸ்ட்ரிக்ட், என்றால் நம்மூர் ஜில்லா அல்ல. ஒன்றோ பலவோ கல்லூரிகளை நடத்தும் நிர்வாக அமைப்பு. ஊரில் ஒரு காலேஜைப் பற்றி விசாரித்தால் முதல் கேள்வியே "எந்த யூனிவர்சிட்டிக்குக் கீழ வருது?" என்பதுதான். இணைப்புக் கல்லூரியில் படித்தாலும் டிகிரி பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் "டிஸ்ட்ரிக்ட் பெரிசு, அது கீழ இருக்கற காலேஜ் எல்லாம் ஒண்ணுதான்" என்று நினைத்துவிடுகிறோம். நான் அப்படித்தான் நினைத்தேன்.

இங்கே அங்கீகாரம் மாவட்டத்துக்குக் கிடையாது, கல்லூரிக்குத்தான். மாநிலத்தில் 73 மாவட்டங்கள், 116 கல்லூரிகள். பெரும்பாலான மாவட்டங்களில் ஒரே கல்லூரிதான். சிக்கல் வருவது மற்றவற்றில். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் ஒன்பது கல்லூரிகள், ஓக்லண்ட் பக்கத்துப் பெரால்டா மாவட்டத்தில் நான்கு, நம் ஆட்கள் அதிகம் போகும் ஃபுட்ஹில்–டி ஆன்சா மாவட்டத்தில் இரண்டு. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனி அங்கீகாரம், தனித்தனி ஆய்வு, தனித்தனி கடிதம்.

இன்னொரு வகையும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ் ஊர் முழுக்கக் கிளை பரப்பியிருக்கிறது. ஓஷன் வளாகம், மிஷன், சைனாடவுன் என்று எங்கே போய்ப் படித்தாலும் கல்லூரி ஒன்றுதான், அங்கீகாரமும் ஒன்றுதான்.

குழப்பமாக இருந்தால் சேர்க்கை அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வகுப்பு எந்தக் கல்லூரியின் ட்ரான்ஸ்கிரிப்டில் வரும்?" அந்தக் கல்லூரியின் அங்கீகாரத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். கட்டடத்தின் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காம்ப்டன் கல்லூரி 2006-இல் அங்கீகாரத்தை இழந்தபோது, அதே வளாகத்தில் எல் கமீனோ கல்லூரியின் மையமாக வகுப்புகள் தொடர்ந்து நடந்தன. கட்டடம் காம்ப்டனில் இருந்தது, அங்கீகாரம் எல் கமீனோவுடையது. 2017-இல்தான் காம்ப்டனுக்குச் சொந்த அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

2. நிலையை நீங்களே பாருங்கள் (கால் மணி நேரம், செலவு இல்லை)

கம்யூனிட்டி காலேஜ்களை ஆய்வு செய்து அங்கீகரிக்கும் அமைப்புக்கு ஏசிசிஜேசி என்று பெயர். அதன் இணையதளத்தில் கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. உங்கள் கல்லூரியின் பெயரைத் தட்டினால் இப்போதைய நிலை, கடைசி ஆய்வு, அடுத்த ஆய்வு எந்த ஆண்டு என்பதெல்லாம் வரும். முழு ஆய்வு ஏழு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும்.

இரண்டாவதாக, அமெரிக்கக் கல்வித் துறையின் 'டேப்பிப்' தரவுத்தளத்தில் அதே பெயரைத் தேடுங்கள். இது எதற்கு என்றால், அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பையே அரசு அங்கீகரித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அரசுக் கம்யூனிட்டி காலேஜுக்கு இந்தச் சந்தேகம் வராது. ஆனால் தெருமுனையில் இருக்கும் தனியார் 'காலேஜ்', 'இன்ஸ்டிட்யூட்' பற்றி யாராவது சொன்னால் இதைப் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். ஏசிஐசிஎஸ் என்ற அங்கீகார அமைப்பின் தகுதியையே கல்வித் துறை 2022-இல் பறித்தது. "நாங்க அக்ரெடிட்டட்" என்று சொல்பவரிடம் "யாரால்?" என்று கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, கல்லூரியின் சொந்த இணையதளத்தில் அக்ரெடிட்டேஷன் பக்கம். பெரும்பாலும் முகப்புப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இணைப்பு இருக்கும். அங்கேதான் நமக்கு வேண்டிய கடிதம் இருக்கிறது.

3. கடிதத்தை வாசியுங்கள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஏசிசிஜேசி ஆணையம் வருடத்தில் இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூனிலும், கூடி முடிவெடுக்கும். ஒவ்வொரு கல்லூரிக்கும் அதன் தலைவர் பெயருக்கு ஒரு கடிதம் போகும். இரண்டு மூன்று பக்கம்தான். கல்லூரி அதைத் தன் இணையதளத்தில் போட்டிருக்கும்.

கல்லூரியில் குறை இருந்தால் மூன்று படிகளில் நடவடிக்கை எடுப்பார்கள்.

வார்னிங்: சில தரநிலைகளை எட்டவில்லை, இந்தத் தேதிக்குள் சரிசெய்து அறிக்கை கொடு.

புரோபேஷன்: குறை பெரிது, கண்காணிப்பில் இருக்கிறாய்.

ஷோ காஸ்: உன் அங்கீகாரத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று நீயே காரணம் காட்டு.

இந்த மூன்றிலும் கல்லூரி அங்கீகாரம் பெற்ற கல்லூரியாகவே இருக்கிறது. அந்தக் காலத்தில் வாங்கிய கிரெடிட் செல்லும். இது எனக்குத் தெரியாது. குழுவில் செய்தி போட்டவருக்கும் தெரியாது. 'வார்னிங்' என்ற சொல்லைப் பார்த்தோம், அவ்வளவுதான்.

கடைசியில் எனக்கு விளக்கியது வேறொரு கல்லூரியின் கவுன்சிலர், அதாவது மாணவர் ஆலோசகர். நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் கேட்டார். அப்புறம் அந்தக் கடிதத்தைத் தன் கணினியில் திறந்து, திரையை என் பக்கம் திருப்பி, பேனா மூடியால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். அந்த நடவடிக்கைக் காலத்தில் கல்லூரியின் அங்கீகாரம் தொடர்கிறது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. "எல்லாரும் முதல் பத்தியோட நிறுத்திடுவாங்க" என்றார். நான் முதல் பத்தியைக்கூட வாசித்திருக்கவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

கடிதத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, குறைகள் எந்த வகை என்று. 'கட்டாயம் சரிசெய்ய வேண்டியவை' ஒரு வகை, 'இன்னும் மேம்படுத்தலாம்' என்ற ஆலோசனைகள் இன்னொரு வகை. இரண்டாவது வகை நல்ல கல்லூரிகளுக்கும் வரும், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இரண்டாவது, குறை கல்லூரியுடையதா, மாவட்டத்துடையதா என்று. பல கல்லூரி மாவட்டங்களின் பெரிய தலைவலி இதுதான். பாடமும் ஆசிரியரும் ஆய்வகமும் கல்லூரியின் கையில். வரவு செலவு, தணிக்கை, வேலைக்கு ஆள் எடுப்பது, கணினி அமைப்பு எல்லாம் பெரும்பாலும் மாவட்ட அலுவலகத்தின் கையில். மேலே அறங்காவலர் குழு ஒன்றுதான். மாவட்டக் கணக்கு வழக்கில் ஓட்டை விழுந்தால், நன்றாக நடக்கும் கல்லூரிகளும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். 2020 ஜனவரியில் பெரால்டா மாவட்டத்தின் நான்கு கல்லூரிகளும் ஒன்றாகப் புரோபேஷனில் வைக்கப்பட்டன. காரணம் மாவட்டத்தின் நிதி நிர்வாகம். வகுப்பறையில் யாரும் மோசமாகப் பாடம் நடத்தியதால் அல்ல. நான் கட்டணம் கட்டும் முன் இப்போது முதலில் தேடுவது இந்த வேறுபாட்டைத்தான். நிதிக் குறை என்றால் அடுத்த பருவத்தில் வகுப்புகள் குறையலாம், ஒரு பிரிவை ரத்து செய்யலாம், உங்கள் பட்டம் ஒரு பருவம் தள்ளிப் போகலாம். கிரெடிட் செல்லாமல் போவதைவிட இதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, கெடு தேதி. அடுத்த அறிக்கை எப்போது, ஆணையம் எப்போது பார்க்கும் என்று இருக்கும். அதை உங்கள் படிப்பு முடியும் தேதியோடு வைத்துப் பாருங்கள்.

ரத்து என்று அறிவித்தாலும் அன்றைக்கே கதவை மூடிவிட மாட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜுக்கு 2012 ஜூலையில் ஷோ காஸ். 2013 ஜூலையில், அங்கீகாரத்தை ரத்து செய்யப்போவதாக அறிவிப்பு. அதற்கே ஒரு வருடம் தவணை, 2014 ஜூலை 31 வரை. நடுவில் நகர அரசு வழக்குப் போட்டது, நீதிமன்றம் தடை கொடுத்தது. 2017 ஜனவரியில் அங்கீகாரத்தை ஏழு ஆண்டுக்கு முழுசாக உறுதி செய்தார்கள். அந்த ஐந்தாண்டில் ஒரு நாள்கூட அந்தக் கல்லூரி அங்கீகாரம் இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் பயந்து போன மாணவர்கள் ஏராளம், சேர்க்கை சரிந்து விழுந்தது. என்னைப் போல எத்தனை பேர் பாதி வகுப்பில் எழுந்து போனார்களோ.

4. படிப்புக்கே தனி அங்கீகாரம் வேண்டுமா?

கல்லூரி அங்கீகாரம் ஒன்று, படிப்புக்கான அங்கீகாரம் வேறு. கணினி, கணக்கு, பொருளாதாரம் போன்றவற்றுக்குக் கல்லூரி அங்கீகாரம் போதும். மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்குப் போதாது.

நர்சிங் என்றால் கலிபோர்னியா போர்டு ஆஃப் ரெஜிஸ்டர்ட் நர்சிங் ஒப்புதல் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்க வேண்டும். பட்டியல் போர்டின் தளத்தில் இருக்கிறது. அதே தளத்தில் ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை சதவீதம் பேர் என்கிளெக்ஸ் எனப்படும் நர்ஸ் உரிமத் தேர்வில் முதல் முறையே தேறினார்கள் என்பதும் இருக்கும். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் போர்டு கேள்வி கேட்கும். நானாக இருந்தால் கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தை விட்டுவிட்டு இந்த எண்ணைத்தான் பார்ப்பேன். பல் சுகாதாரப் படிப்புக்குக் 'கோடா', ரேடியோகிராஃபிக்கு 'ஜேஆர்சிஇஆர்டி', ரெஸ்பிரேட்டரி கேருக்குக் 'கோஆர்க்' என்று தனித்தனி அமைப்புகள்.

ஒரே மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இருக்கும் நர்சிங் ஒப்புதல் பக்கத்துக் கல்லூரிக்கு ஒட்டிக்கொண்டு வராது. முன்பாடங்களான அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜியைப் பக்கத்துக் கல்லூரியில் எடுக்கலாம், அது வேறு விஷயம். எடுக்கும் முன் நீங்கள் சேர விரும்பும் நர்சிங் துறை அந்தப் பாடத்தை ஏற்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

5. ஆவணங்களை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள்

இரண்டு கட்டு வேண்டும். ஒன்று நீங்கள் கலிபோர்னியாவில் வசிப்பவர் என்று காட்ட. இன்னொன்று ஊரில் படித்ததைக் காட்ட.

வசிப்பிடம்: பருவம் தொடங்குவதற்கு முந்தைய நாளை வைத்துக் கணக்கு. அதற்கு முன் ஒரு வருடத்துக்கு மேல் நீங்கள் கலிபோர்னியாவில் இருந்திருக்க வேண்டும், இங்கேயே இருக்கப்போகிற எண்ணத்துக்கும் ஆதாரம் வேண்டும். எச்-1பி, எச்-4, எல்-1, எல்-2 விசாக்காரர்கள் இந்தத் தகுதியைப் பெறலாம். எஃப்-1 மாணவர்களும் சுற்றுலா விசாக்காரர்களும் பெற முடியாது. கவுன்ட்டரில் இருப்பவர் சில சமயம் "விசாவா? அப்ப நான்-ரெசிடென்ட்" என்று அவசரமாகச் சொல்லிவிடுவார். எச்-4 பற்றிய விதியைக் கல்லூரியின் தளத்திலிருந்தே அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

எனக்கு நேர்ந்தது வேறு. வந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது, ஆனால் என் பெயரில் எதுவுமே இல்லை. வீட்டு ஒப்பந்தம் கணவர் பெயரில். மின்கட்டணம் அவர் பெயரில். வங்கிக் கணக்கு அவர் பெயரில். நான் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஒரே சாட்சி இந்தியன் ஸ்டோர்க்காரர்தான். இன்னொரு பருவம் அதனாலேயே போனது. வந்து இறங்கிய முதல் மாதமே இவற்றைச் செய்துவிடுங்கள்: வீட்டு ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் சேர்ப்பது, கூட்டு வங்கிக் கணக்கு, கலிபோர்னியா ஓட்டுநர் உரிமம் அல்லது மாநில அடையாள அட்டை, ஏதாவது ஒரு மாதாந்தர பில். அடுத்த ஆண்டு மாநில வருமான வரிப் படிவத்திலும் இருவர் பெயரும் இருக்கட்டும். இவற்றோடு பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), விசா ஒப்புதல் கடிதம்.

ஊர்ச் சான்றிதழ்: வெளிநாட்டுப் படிப்பு இங்கே எதற்கு ஈடு என்று மதிப்பிடும் நிறுவனங்கள் உண்டு. பெரும்பாலான கல்லூரிகள் 'நேசெஸ்' என்ற அவற்றின் கூட்டமைப்பில் உள்ள நிறுவனத்தின் மதிப்பீட்டைத்தான் ஏற்கும். பாடவாரியான மதிப்பீட்டையே கேளுங்கள், பட்டம் மட்டும் சொல்லும் மலிவான அறிக்கை முன்பாடங்களுக்கு உதவாது. செலவு தபாலோடு சேர்த்து ஏறக்குறைய 200 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ட்ரான்ஸ்கிரிப்ட் எடுக்கும் செலவும் அலைச்சலும் தனி. எனக்கு அப்பா மூன்று தடவை பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது.

சில நிறுவனங்கள் ட்ரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக, ஒட்டிய உறையில், மடிப்பின் மேல் முத்திரையோடு வர வேண்டும் என்று கேட்கும். அப்படி ஒரு உறையை அப்பா எனக்கு அனுப்பி வைத்தார், பிரிக்காமல் அப்படியே மறு உறையில் போட்டு அனுப்பலாம் என்று திட்டம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் கணவர் "உன் மார்க் ஷீட் வந்திருக்கு" என்று பிரித்து மேசையில் பரப்பி வைத்திருந்தார். மறுபடியும் முதலிலிருந்து. தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: மார்க் ஷீட் கல்லூரி தருவது, டிகிரி பல்கலைக்கழகம் தருவது. எதை யார் அனுப்ப வேண்டும் என்று மதிப்பீட்டு நிறுவனத்திடம் முதலிலேயே எழுதிக் கேளுங்கள். மொத்தத்தில் இந்த வேலைக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

6. பணமும் தேதிகளும்

மாநிலத்தில் வசிப்பவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 12 யூனிட் எடுத்தால் 552. மேலே சுகாதாரக் கட்டணம், பார்க்கிங் என்று கொஞ்சம். நான்-ரெசிடென்ட் கட்டணத்தை ஒவ்வொரு மாவட்டமும் தானே வைக்கும், யூனிட்டுக்கு 300 டாலரைத் தாண்டும். 12 யூனிட் என்றால் ஒரு பருவத்துக்கு 3,600-க்கு மேல். எச்-4இல் இருப்பவர்களுக்குக் கூட்டாட்சி நிதியுதவி கிடையாது, கிரீன் கார்டு வந்தால் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் போடக் கட்டணம் இல்லை. ட்ரான்ஸ்கிரிப்டில் முதல் இரண்டு பிரதி இலவசம்.

முழுப் பருவ வகுப்பை இரண்டாவது வாரத்துக்குள் விட்டால்தான் பணம் திரும்பும். பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஓடும் முன் விட்டால் ட்ரான்ஸ்கிரிப்டில் எதுவும் ஏறாது. அதற்குப் பிறகு 'டபிள்யூ'. அது ஒரு முயற்சியாகவும் கணக்கில் சேரும். ஒரு பாடத்தை எத்தனை முறை எடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. இந்தத் தேதிகள் வகுப்புக்கு வகுப்பு மாறும், குறுகிய கால வகுப்பில் பணம் திரும்பும் கெடு இரண்டு மூன்று நாளிலேயே முடிந்துவிடும். பதிவு செய்த அன்றே உங்கள் வகுப்பின் தேதிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் சேர வேண்டுமா? ஜனவரியில் கடிதத்தைப் பாருங்கள், பிப்ரவரியில் மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், ஏப்ரலுக்குள் விண்ணப்பமும் வசிப்பிட ஆவணங்களும் போகட்டும். ஜூன் கூட்ட முடிவு வந்ததும் இன்னொரு தடவை நிலையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆய்வகப் பாடங்களுக்குப் புதியவர்கள் காத்திருப்புப் பட்டியலில்தான் நிற்க வேண்டிவரும், முதல் வகுப்புக்கு நேரில் போய் நில்லுங்கள். இடம் கிடைத்துவிடும், எனக்கு இரண்டு தடவை கிடைத்தது.

7. ஒரே மாவட்டத்தில் இரண்டு கல்லூரியில் படித்தால்

எல்லாரும் செய்வதுதான். ஒரு பாடம் இங்கே கிடைக்காது, பக்கத்தில் கிடைக்கும். ஆனால்:

பட்டம் தரும் கல்லூரியில் குறைந்தது 12 யூனிட் படித்திருக்க வேண்டும். மொத்தம் 60 யூனிட்டில் மீதியை வேறெங்கு எடுத்தாலும் இந்த 12 அங்கேதான். பட்டம் எந்தக் கல்லூரியுடையது என்று இரண்டாவது பருவத்துக்குள் முடிவு செய்யுங்கள்.

சில மாவட்டங்களில் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே ட்ரான்ஸ்கிரிப்ட், சிலவற்றில் தனித்தனி. தனித்தனி என்றால் யூசி, சிஎஸ்யூவுக்கு (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) விண்ணப்பிக்கும்போது இரண்டையும் காட்டியே ஆக வேண்டும். 'டபிள்யூ' வாங்கிய இடத்தை மறைக்க முடியாது, நான் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

பாட எண்களை நம்பாதீர்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு கல்லூரியில் இரண்டு எண் இருக்கும். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து சில பாடங்களுக்கு மாநிலம் முழுக்கப் பொது எண் வரத் தொடங்கியிருக்கிறது. மற்றவற்றுக்கு 'அசிஸ்ட்' தளம்தான் கதி. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்று அது சொல்லும். அந்தப் பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். ஃபுட்ஹில், டி ஆன்சா இரண்டும் குவார்ட்டர் முறை (வருடத்தை நான்கு பருவமாகப் பிரிப்பது). அங்கே மூன்று யூனிட் என்றால் செமஸ்டர் கணக்கில் இரண்டுதான்.

நிதியுதவி வாங்குகிறவர்கள் ஒரு பருவத்தில் ஒரு கல்லூரியிலிருந்துதான் வாங்க முடியும். இரண்டிடத்திலும் படித்தால் கல்லூரிகளுக்கிடையே ஒப்பந்தப் படிவம் ஒன்று உண்டு, நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள்.

8. எஃப்-1 பிள்ளைகளுக்கு

எஃப்-1 என்பது மாணவர் விசா. அதற்கான சேர்க்கைப் படிவமான ஐ-20 எந்தக் கல்லூரி கொடுத்ததோ அதுதான் உங்கள் கல்லூரி. பக்கத்துக் கல்லூரியில் ஒரு பாடம் எடுக்க வேண்டுமென்றாலும் முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதி. பருவத்துக்கு 12 யூனிட் கட்டாயம், அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் கணக்கில் சேரும். கல்லூரி நிலை பற்றிப் புரளி கேட்டு வகுப்பை விட்டால் எனக்குப் பணம்தான் போனது, உங்களுக்கு விசா நிலையே போகும். எதையும் விடும் முன் அந்த அலுவலகத்தில் கேளுங்கள். யூசிக்கு மாறப்போகிறவர்கள், டேக் எனப்படும் உறுதிச் சேர்க்கை விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களுக்கு மட்டும். பெர்க்லியும் யூசிஎல்ஏவும் இதில் இல்லை.

9. படிக்கும்போதே கல்லூரிக்குக் கடிதம் வந்துவிட்டால்

அந்த வாரம் வகுப்புக்குப் போய்க்கொண்டே இதைச் செய்யுங்கள்.

கடிதத்தைத் தரவிறக்கி வாசியுங்கள். எந்தப் படி, கெடு எப்போது என்று குறியுங்கள். அன்றைய தேதியில் கல்லூரி அங்கீகாரத்தோடு இருப்பதைக் காட்டும் ஏசிசிஜேசி பக்கத்தைச் சேமியுங்கள். கிரெடிட்டை ஏற்கும் இடம் பார்ப்பது, நீங்கள் படித்த காலத்தில் அங்கீகாரம் இருந்ததா என்பதைத்தான்.

ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் அந்த ஆண்டின் கேட்டலாக்கையும் எடுத்து வையுங்கள். அலுவல்பூர்வ ட்ரான்ஸ்கிரிப்ட் ஒன்று உறை பிரிக்காமல் வீட்டில் இருக்கட்டும். (கணவர் கைக்கு எட்டாத இடத்தில்.)

வார்னிங், புரோபேஷன் என்றால் படிப்பைத் தொடருங்கள். ஷோ காஸ் என்றால் தொடருங்கள், ஆனால் இரண்டு ஆண்டுக்கு மேல் பாக்கி இருந்தால் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உங்கள் பாடங்களை ஏற்பார்களா என்று கவுன்சிலரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். ரத்து என்று அறிவித்தால் 'டீச்-அவுட்' திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் எங்கே, எப்படிப் பட்டத்தை முடிப்பார்கள் என்பதற்கான ஏற்பாடு அது. உங்கள் படிப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாதிப் பருவத்தில் எழுந்து போகாதீர்கள். நான் மைக்ரோபயாலஜியை அடுத்த ஆண்டு மறுபடி எடுத்தேன். அதே 4 யூனிட், அதே பாடப்புத்தகம். அதற்குள் வசிப்பிட ஆவணங்கள் சரியாகிவிட்டிருந்தன. கட்டணம் 184 டாலர்.